1967 பிபிசி பிங்க் ஃப்ளாய்ட் பேட்டி: ஹான்ஸ் கெல்லரை வில்லனாக்குறத நிறுத்துங்கப்பா

பழையகேசட்

இந்த கிளிப்பை பாக்காதவங்க இங்க யாரும் இருக்க மாட்டீங்க. 1967 மே 14, ஞாயித்துக்கிழமை, பிபிசியில 'தி லுக் ஆஃப் தி வீக்'னு ஒரு கலை நிகழ்ச்சி. இங்கிலாந்து ராக் பேண்ட் பிங்க் ஃப்ளாய்ட் நாலு பேரும் 'அஸ்ட்ரானமி டாமினே' பாட்டை வாசிக்கறாங்க, முடிஞ்சதும் பாடி கிட்டார் வாசிக்கற சிட் பாரெட்டும் பேஸ் கிட்டார் ராஜர் வாட்டர்ஸும் வந்து உக்காருறாங்க, எதிர்ல மீசை வெச்ச இசை விமர்சகர் ஹான்ஸ் கெல்லர். யாராவது ஒருத்தர் இதை எடுத்து மறுபடி மறுபடி ஷேர் பண்ணி "பெருசு எப்படி பல்பு வாங்குச்சு பாருங்க"ன்னு தலைப்பு போடறாங்க, கீழ நூறு பேர் சிரிக்கறாங்க. எனக்கு அதுல துளி கூட உடன்பாடு இல்ல, அதுக்குத்தான் இந்த இழை.

முழுசா பாருங்க, வெட்டி போட்ட ஒரு நிமிஷத்த மட்டும் பாக்காதீங்க. பாட்டுக்கு முன்னாடியே கெல்லர் கேமராவைப் பாத்து நாலு விஷயம் சொல்றார். ஒண்ணு, ஆரம்பத்துல கேட்டீங்களே அந்த சில செகண்ட், அதுக்கு மேல இவங்க கிட்ட எனக்கு எதுவும் கேக்கல, திரும்பத் திரும்ப ஒண்ணே வருது, கொஞ்சம் போர். ரெண்டு, பயங்கர சத்தம். மூணு, நான் ஒருவேளை இதை ரசிக்க முடியாத அளவுக்கு ரொம்பவே இசைக்காரனா இருக்கலாம். நாலு, இவங்களுக்குன்னு கேக்கறவங்க இருக்காங்க, அப்படி இருக்கறவங்களை நாம கேட்டுத்தான் ஆகணும், எனக்கு பிடிக்காதது என் குறையாவும் இருக்கலாம்.

அந்த நாலாவது பாயிண்ட்ட யாரும் வெட்டி ஷேர் பண்றதே இல்ல. 1967ல ஒரு பாப் குரூப்பை பத்தி டிவியில உக்காந்து "என் குறையாவும் இருக்கலாம்"னு சொன்ன இன்னொரு விமர்சகரை எனக்கு காட்டுங்க.

ஷைன்_ஆன்

அண்ணா மரியாதையோட மறுக்கறேன். "உங்க மனசை முன்கூட்டியே கெடுக்க விரும்பல"ன்னு வாய் திறந்து சொல்லிட்டு அடுத்த மூச்சுலயே போர், சத்தம்னு சொன்னா அது என்ன நியாயம்? பாட்டை போட்டுட்டு அப்புறம் சொல்லியிருக்கலாமே. அவருக்கு 48 வயசு, சிட்டுக்கு 21, ராஜருக்கு 23. முதல் சிங்கிள் 'ஆர்னால்ட் லேன்' மார்ச்ல வந்து இருபதாவது இடம் வரைக்கும் போயிருக்கு, அவ்வளவுதான் கையில இருக்கு, ஆல்பம் இன்னும் வரல. ஆகஸ்ட்லதான் வருது. நாடே பாக்கற டிவியில முதல்ல அறிமுகம் பண்றப்ப "எனக்கு தாங்க முடியல"ன்னு ஒருத்தர் சொன்னா அந்த பசங்களுக்கு எப்படி இருந்திருக்கும். கேள்வியும் பாருங்க, முதல் கேள்வியே ஏன் இவ்வளவு பயங்கரமா சத்தமா இருக்கணும், நான் வளந்தது ஸ்ட்ரிங் குவார்டெட்ல, அதாவது வயலின் மாதிரி நாலு நரம்பு வாத்தியம் சேந்து வாசிக்கற குழுவுலன்னுதான்.

அதுக்கு ராஜர் சொன்ன பதில் செம்ம. சத்தமா இருந்தே தீரணும்னு இல்ல, எங்களுக்கு அப்படித்தான் பிடிக்குது, நாங்க ஸ்ட்ரிங் குவார்டெட்ல வளரல, அதுவும் ஒரு காரணமா இருக்கும். முகத்துல ஒரு சலனம் இல்லாம சொல்றார்.

பழையகேசட்

அந்த பதிலோட நிறுத்திடறாங்க தம்பி, அதான் பிரச்சனை. கெல்லர் உடனே திருப்பி சொல்றார், குவார்டெட்ல வளராதவங்க எல்லாரும் சத்தமா வாசிக்கற பாப் குரூப்பா ஆயிடறதில்லையே, அதனால உங்க காரணம் எனக்கு முழுசா ஒத்துவரல, ஆனா உங்களுக்கு பிடிச்சிருக்குங்கறத ஏத்துக்கறேன்னு. அது சண்டை இல்ல. சமமா ஒருத்தர் கிட்ட பேசறப்பதான் அவர் வாதத்துல இருக்கற ஓட்டையை காட்டுவோம், சின்னப் பசங்கன்னு நினைச்சிருந்தா தலையை ஆட்டிட்டு அடுத்த கேள்விக்கு போயிருப்பார்.

வயலின்டீச்சர்

நான் பொதுவா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, ஆனா கெல்லர் பேர் வந்ததால எழுதறேன். மேற்கத்திய கிளாசிக்கல் படிச்சவங்களுக்கு அவர் யாருன்னு தெரியும், ராக் ரசிகர்களுக்கு இந்த ஒரு கிளிப்பை வெச்சுத்தான் தெரியும், அது அவருக்கு நடந்த பெரிய அநியாயம்.

அவர் "நான் ஸ்ட்ரிங் குவார்டெட்ல வளந்தேன்"னு சொல்றது பந்தாவுக்கு இல்ல. வியன்னாவுல சின்ன வயசுலயே ஆஸ்கர் அட்லர் வீட்டுல குவார்டெட் வாசிச்சவர். அட்லர் யாருன்னா, நவீன மேற்கத்திய இசையையே மாத்தின கம்போஸர் ஷோன்பெர்க்கோட பால்ய சிநேகிதர். அந்த குவார்டெட்ல செல்லோ வாசிச்சது ஃப்ரான்ஸ் ஷ்மிட்னு பெரிய கம்போஸர். அப்படி ஒரு அறையில நாலு பேர் சுத்தி உக்காந்து ஒருத்தர் மூச்சு விடறது இன்னொருத்தருக்கு கேக்கற தூரத்துல வளந்த காது அது.

இன்னொண்ணு. 1957ல இவர் வார்த்தையே இல்லாத இசை விமர்சனம்னு ஒண்ணு கொண்டு வந்தார். மொசார்ட்டோட டி மைனர் குவார்டெட்ட எடுத்துக்கிட்டு, அதை விளக்கறதுக்கு கட்டுரை எழுதாம, நடுநடுவுல வாசிக்கறதுக்கு தானே இசை எழுதி, அந்த இசையாலயே இந்த இடம் அந்த இடத்துல இருந்து எப்படி முளைச்சதுன்னு காட்டினார். பிபிசி ரேடியோவுல போச்சு. இசையை பத்தி பேசறதுல அவ்வளவு கவனம் உள்ள மனுஷன், "திரும்பத் திரும்ப வருது"ன்னு சொன்னா அது வசவு இல்ல, காதுல விழுந்ததை அப்படியே சொல்றார். ஷோன்பெர்க் வழியில வந்தவங்களுக்கு ஒரு சுரக்கோவை வளராம அப்படியே திரும்ப வந்தா அங்க இசை நின்னு போச்சுன்னு அர்த்தம். பிங்க் ஃப்ளாய்ட்ல அது நின்னு சுத்தி சுத்தி உள்ள இழுக்கறதுதான் விஷயமே. ரெண்டு பக்கமும் வேற வேற இடத்துல இசையை தேடறாங்க.

கிட்டார்மெக்கானிக்

டீச்சரம்மா சொன்னதுக்கு மேல ஒண்ணு. 1961ல இந்த கெல்லர் என்ன பண்ணார் தெரியுமா? அவரும் பியானிஸ்ட் சூசன் பிராட்ஷாவும் ஸ்டூடியோவுக்குள்ள போய் கையில கிடைச்ச தாள வாத்தியத்தை எல்லாம் இஷ்டத்துக்கு தட்டி ரெக்கார்ட் பண்ணி, பியோத்தர் ஸாக்னு இல்லாத ஒரு போலந்து கம்போஸரோட புது படைப்புன்னு பிபிசியில போட்டாங்க. உண்மையான நவீன இசை எது, சும்மா தட்டினது எதுன்னு விமர்சகர்களால பிரிச்சு பாக்க முடியுமான்னு சோதனை. பேப்பர்ல நெஜமாவே விமர்சனம் வந்துச்சு, பிடிக்கலன்னு எழுதினாங்க, ஆனா அப்படி ஒரு கம்போஸரே இல்லன்னு யாருக்கும் தோணல.

அதை வெச்சு இந்த பேட்டிய பாருங்க. வெறும் சத்தத்துக்கும் இசைக்கும் வித்தியாசம் பாக்கறதுலயே குறியா இருந்த ஆளு. சிட் பாரெட் கிட்டாரை நாடே கேக்கற மாதிரி "இது சும்மா இரைச்சல்"னு சொல்ல அவரை விட தகுதியான ஆள் அந்த ஊர்ல கிடையாது. சொல்லல. போர்னார், சத்தம்னார், ஆனா இது இசை இல்லன்னு ஒரு தடவை கூட சொல்லல.

ஷைன்_ஆன்

ஸாக் கதை எனக்கு புதுசு, சூப்பர். ஆனா சத்தம் சத்தம்னு அதையே புடிச்சிக்கிட்டது மாறாது இல்ல?

தவில்பேரன்

சத்தம் விஷயத்துல நான் கொஞ்சம் பேசலாம்னு நினைக்கறேன். எங்க தாத்தா தவில். நாயனமும் தவிலும் பொறந்தது சாமி புறப்பாட்டுக்கு, நாலு வீதியும் கேக்கணும், முன்னாடி போற யானைக்கும் கேக்கணும் பின்னாடி வர்ற கூட்டத்துக்கும் கேக்கணும். வீணை பொறந்தது ஒரு கூடத்துல பத்து பேர் உக்காந்து கேக்க. தாத்தாவை ஒரு கல்யாண வீட்டு ஹால்குள்ள உக்கார வெச்சு, முன் வரிசையில ஒருத்தர் காதை பொத்திக்கிட்டார்னு வைங்க, தப்பு தாத்தா மேலயும் இல்ல அந்த மனுஷன் மேலயும் இல்ல.

இதையேதான் சிட் அங்க சொல்றார், யாரும் அதை கவனிக்கறதே இல்ல. கெல்லர் கேக்கறார், இந்த சத்தத்துக்கு பழகிட்டா மெல்லிசான சத்தத்தை ரசிக்கறது கஷ்டமாயிடாதான்னு. சிட் ரொம்ப அமைதியா, அப்படி இல்ல, நாங்க வாசிக்கறதுலயே சிலது ரொம்ப மெதுவா இருக்கும், எனக்கு சத்தமான இசை எவ்வளவு பிடிக்குமோ அதே அளவு அமைதியான இசையும் பிடிக்கும், நாங்க பெரிய ஹால்ல வாசிக்கறோம், அங்க வால்யூம் தேவைப்படுது, ஆடறவங்களுக்கு வால்யூம் பிடிக்கும்னு சொல்றார். இடம், கூட்டம், ஆட்டம், இந்த மூணையும் ரெண்டு வாக்கியத்துல முடிச்சிட்டார். ராஜர் சொன்னது நல்ல பதிலடி, சிட் சொன்னதுதான் பதில்.

பழையகேசட்

தவில்பேரன், கைய குடுங்க. நான் நினைச்சதை நீங்க எழுதிட்டீங்க.

அதுக்கப்புறம் கெல்லர் என்ன பண்றார் பாருங்க. "ஆடறப்ப வால்யூம் பிடிக்கும்"ங்கறதை அவர் வாயால திருப்பி சொல்லி ஒத்துக்கறார். அங்க இருந்து பேச்சு வேற தளத்துக்கு போகுது, ஆடறதுக்காக ஆரம்பிச்ச குரூப் இப்ப உக்காந்து கேக்கறவங்களுக்கு கச்சேரி பண்ணுதேன்னு. ஏன்னா ரெண்டு நாள் முன்னாடி, மே 12 வெள்ளிக்கிழமை, லண்டன் குயின் எலிசபெத் ஹால்ல 'கேம்ஸ் ஃபார் மே'ங்கற இவங்க கச்சேரி நடந்திருக்கு. அந்த ஹால் தொறந்தே ரெண்டு மாசம்தான் ஆச்சு, கிளாசிக்கல் கச்சேரிக்குன்னு கட்டினது. அதுல போய் பாப் குரூப் ஒண்ணு சீட்டுல உக்கார வெச்சு முழு கச்சேரி பண்றதுங்கறது அன்னைக்கு பெரிய விஷயம். ராக் மியூசிக்ல அடுத்த பத்து வருஷம் என்ன நடக்கப்போகுதோ, இவங்களோட 1973 ஆல்பம் 'டார்க் சைட்' வரைக்கும், அதோட நுனியை கெல்லர் அங்க பிடிச்சிட்டார். பாப் பத்திரிகைக்காரங்க அப்ப கேட்டுக்கிட்டு இருந்தது பிடிச்ச கலர் என்ன, பிங்க் ஃப்ளாய்ட்னா என்ன அர்த்தம்னு.

கிட்டார்மெக்கானிக்

கேம்ஸ் ஃபார் மே பத்தி சொன்னா அசிமுத் கோஆர்டினேட்டரை விட முடியாது. அபே ரோட் ஸ்டூடியோவுல இருந்த பெர்னார்ட் ஸ்பைட்னு இஞ்சினியர் செஞ்சு குடுத்த பெட்டி, ஜாய்ஸ்டிக் மாதிரி ஒரு கைப்பிடி, அதை எந்தப் பக்கம் சாய்ச்சா ஹால்ல அந்த மூலை ஸ்பீக்கருக்கு சத்தம் போகும். பேண்டோட கீபோர்ட்காரர் ரிச்சர்ட் ரைட் ஆர்கன் மேல வெச்சு இயக்குவார். சத்தத்தை ஏத்தறது மட்டும் இல்லாம ஹாலை சுத்தி நடக்க வெச்சாங்க. கச்சேரி முடிஞ்சதும் அந்த பெட்டியை யாரோ திருடிட்டாங்க! அப்புறம் செஞ்ச இன்னொண்ணு இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. நீர்க்குமிழி மெஷின், பூவெல்லாம் தூவினதுல ஹால் தரையும் சீட்டும் கறையாகி, இனிமே இந்த குரூப் இங்க வரக்கூடாதுன்னு ஹால்காரங்க தடை போட்டாங்க.

கிளிப்ல வாசிக்கற பகுதிக்கு வர்றேன். சிட் கையில இருக்கறது ஃபெண்டர் எஸ்கொயர், மேல வெள்ளி பூச்சு, அதுல வட்ட வட்டமா கண்ணாடி ஒட்டியிருப்பார், லைட் பட்டு தெறிக்கும். அவர் கம்பி மேல வழுக்கி வாசிக்கறதுக்கு சிகரெட் லைட்டரையே பயன்படுத்துவார். அந்த வழுக்கின சத்தம் நேரா ஆம்ப்ளிஃபையருக்கு போகாது, நடுவுல பின்சன் எக்கோரெக்னு ஒரு இத்தாலி பெட்டி. டேப்புக்கு பதிலா உள்ள ஒரு உலோக உருளை சுத்திக்கிட்டே இருக்கும், அதுல சத்தம் பதிஞ்சு வரிசையா இருக்கற ஹெட்டுங்க ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமா திருப்பிக் குடுக்கும். அதனால ஒரு கம்பிய ஒரு தடவ தட்டினா நாலஞ்சு தடவ தேஞ்சுக்கிட்டே வரும். கெல்லர் காதுக்கு "திரும்பத் திரும்ப ஒண்ணே" வந்ததுல இந்த பெட்டிக்கும் பங்கு இருக்கு, சீரியஸாத்தான் சொல்றேன்.

யாழ்_கிட்டார்

நான் உந்த வீடியோவை முதல் பாத்த நேரம் எனக்கு காதில விழுந்தது கெல்லரின்ர உச்சரிப்புத்தான். முப்பது வருசம் கிட்ட லண்டனில இருந்தும் வியன்னா போகேல்லை. ஆக்கள் அதைத்தான் கூட நக்கலடிக்கிறவை, எனக்கு அது துண்டறப் பிடிக்காது.

அந்த மனுசன் யூதர். 1938ல ஹிட்லற்ற படை ஒஸ்ரியாவுக்குள்ள வந்த பிறகு தப்பி வந்தவர். வந்த இடத்திலயும் நிம்மதியா விடேல்லை, 1940ல எதிரி நாட்டுக்காரன் எண்டு பிடிச்சு முகாமில அடைச்சவங்கள். பிறகு வெளியில வந்து வயலின் வாசிச்சு, எழுதி, 1959ல பிபிசிக்குள்ள போனவர். அகதியா வந்த ஆள் அந்த நாட்டு டிவியில இருந்து அந்த நாட்டுப் பெடியளிட்ட கேள்வி கேக்கிற நிலைக்கு வாறதெண்டா என்ன எண்டு எங்கட சனத்துக்கு ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

மேசைக்கு மற்றப் பக்கம் ராஜர் இருக்கிறார். அவற்ர தேப்பன் எரிக் ஃபிளெட்சர் வாட்டர்ஸ் 1944 பெப்ரவரியில இத்தாலி அன்சியோ சண்டையில செத்தவர், அப்ப ராஜர் அஞ்சு மாதக் குழந்தை. ஒருத்தரை நாசியள் ஊரை விட்டுக் கலைச்சவங்கள், மற்றவர் தேப்பனை அவையளோட நடந்த சண்டையில பறிகுடுத்தவர். ரெண்டு பேரும் நேருக்கு நேர இருந்து சத்தத்தைப் பற்றிக் கதைக்கினம். அந்தப் பேட்டியில இதில ஒரு சொல்லும் வரேல்லை, வரவேண்டியதும் இல்லை. ஆனா கெல்லரை "ஒண்டும் தெரியாத பழைய ஆங்கிலேய மேல்தட்டு ஆள்" எண்டு எழுதிறவை இதை ஒருக்கா வாசிக்க வேணும்.

வயலின்டீச்சர்

யாழ்_கிட்டார், இதை எழுதினதுக்கு நன்றி. நான் சொல்ல நினைச்சு எப்படி சொல்றதுன்னு தெரியாம விட்டது.

ஷைன்_ஆன்

சரி, கடைசி வரி? "என் தீர்ப்பு, இது குழந்தைப் பருவத்துக்கு கொஞ்சம் திரும்பிப் போற மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டுமே"ன்னு முடிக்கறார். இதையும் நல்ல வார்த்தைன்னு சொல்லப் போறீங்களா? இது மட்டம் தட்டறது. ஃப்ராய்ட் படிச்ச வியன்னாக்காரர் வாயில 'குழந்தைப் பருவத்துக்கு திரும்பறது'ன்னா அது ஒரு நோய் மாதிரிதான்.

பழையகேசட்

ஃப்ராய்ட் வாடை அடிக்குது, ஒத்துக்கறேன். ஆனா நான் இதை இந்த பேட்டியோட உச்சம்னு சொல்வேன். அந்த ஆல்பம் கையில இருக்கா? 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்'. அந்த பேரே கென்னத் கிரகாம் எழுதின குழந்தைகள் கதை 'தி விண்ட் இன் தி வில்லோஸ்'ல ஏழாவது அத்தியாயத்தோட தலைப்பு. உள்ள 'தி நோம்', குள்ளபூதத்தை பத்தி. 'பைக்', ஒரு சின்ன பையன் தன்கிட்ட இருக்கறதை எல்லாம் ஒவ்வொண்ணா ஒரு பொண்ணுகிட்ட காட்டற பாட்டு. 'மடில்டா மதர்', அம்மா கதை படிச்சு நிறுத்தினதும் இன்னும் படின்னு கேக்கற குழந்தை. அந்த பாட்டுல சிட் முதல்ல ஹிலைர் பெல்லாக் எழுதின குழந்தைப் பாட்டு வரிகளையே வெச்சிருந்தார், உரிமை வெச்சிருந்தவங்க ஒத்துக்கல, அதனால திருப்பி எழுதினார். கிளிப்ல வாசிக்கற 'அஸ்ட்ரானமி டாமினே'லயே கிரகம், துணைக்கோள் பேருக்கு நடுவுல டான் டேர் வர்றார், அவர் இங்கிலாந்து பசங்க படிச்ச காமிக்ஸ் ஹீரோ.

இதுல ஒண்ணும் அன்னைக்கு வெளியில வரல! ஆல்பம் வர்றதுக்கு ரெண்டரை மாசத்துக்கு மேல இருக்கு. அங்க வாசிச்சதைக் கேட்டுட்டு, சிட் பாரெட்டோட முழு உலகமும் எங்க இருக்குன்னு அந்த ஆளு சொல்லிட்டார். பிடிக்காமலே சொல்லிட்டார். பிடிச்சவங்க எழுதின ஆயிரம் விமர்சனத்துல விண்வெளி, போதை, வண்ணம்னுதான் இருக்கும், குழந்தைப் பருவம்னு அந்த வருஷத்துல அவ்வளவு நேரா யார் சொன்னாங்க?

தவில்பேரன்

பழையகேசட் அண்ணே இது பாயிண்ட்டு.

டேப்காப்பாளன்

இவ்வளவு பேசறோம், இந்த கிளிப் உயிரோட இருக்கறதே பெரிய அதிர்ஷ்டம்னு யாரும் சொல்லலயே. அந்த காலத்துல வீடியோ டேப் விலை ஜாஸ்தி, ஒளிபரப்பு முடிஞ்சா அழிச்சு அதுமேலயே அடுத்ததை பதிவாங்க. அதே வருஷம் ஜூலைல 'சீ எமிலி ப்ளே'க்காக ஃப்ளாய்ட் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்'க்கு மூணு தடவ போனாங்க, பிபிசி கிட்ட ஒண்ணு கூட மிஞ்சல, ரொம்ப சிதைஞ்சு போன ஒரு வீட்டுப் பதிவு மட்டும் பல வருஷம் கழிச்சு கிடைச்சது. ஹிட்டான பாட்டை பாடினது போச்சு, கெல்லர் திட்டினது தங்கிருச்சு. 2016ல வந்த 'தி எர்லி இயர்ஸ்'ங்கற பிங்க் ஃப்ளாய்ட் டிஸ்க் தொகுப்புப் பெட்டியில இந்த பாட்டும் பேட்டியும் சேத்தே இருக்கு, யூடியூப்ல சுத்தற மங்கல் காப்பிய விட்டுட்டு அதுல பாருங்க, முகம் தெளிவா தெரியும். முகம் தெரியறது இந்த பேட்டிக்கு ரொம்ப முக்கியம்.

அப்புறம் இன்னொண்ணு, வேற பேட்டியோட ஒப்பிட்டு பாருங்க. 1976 டிசம்பர் 1, தேம்ஸ் டிவியோட 'டுடே' நிகழ்ச்சி, செக்ஸ் பிஸ்டல்ஸ்ங்கற பங்க் பேண்ட். குயின் பேண்ட் வர வேண்டிய இடத்துல கடைசி நேரத்துல ரெக்கார்ட் கம்பெனி ஈஎம்ஐ இவங்களை அனுப்புது, நிகழ்ச்சி நடத்தற பில் கிரண்டி நேரடி ஒளிபரப்புல அவங்களை சீண்டி சீண்டி கெட்ட வார்த்தை பேச வெக்கிறார், லண்டன் பகுதியில மட்டும்தான் போச்சு, ஆனா மறுநாள் நாடு பூரா தலைப்புச் செய்தி. கிரண்டியை ரெண்டு வாரம் சஸ்பெண்ட் பண்ணாங்க, அடுத்த மாசம் ஈஎம்ஐ பேண்டை கழட்டி விட்டுச்சு. அதுல ஒரு கேள்வியாவது இசையை பத்தி உருப்படியா இருக்கான்னு தேடிப் பாருங்க. கெல்லர் பேட்டியில இசையைத் தவிர வேற எதுவுமே இல்ல. முடி நீளம் பத்தி கூட கேக்கல, 1967ல!

ஷைன்_ஆன்

பிஸ்டல்ஸ் ஒப்பீடு சரிதான், அங்க கிரண்டிக்கு இசை ஒரு பொருட்டே இல்ல. கெல்லர் அந்த ரகம் இல்லன்னு நானும் சொல்றேன். ஆனா எனக்கு இந்த கிளிப் பாக்கவே கஷ்டமா இருக்கறதுக்கு வேற காரணம் இருக்கு. சிட்டோட கண்ணு. இதுக்கு அடுத்த வாரம்தான் 'சீ எமிலி ப்ளே' ரெக்கார்டிங், அங்க எட்டிப் பாக்கப் போன டேவிட் கில்மர், சின்ன வயசு நண்பன், சிட் தன்னை அடையாளம் கண்ட மாதிரியே தெரியலன்னு பின்னாடி சொல்லியிருக்கார். மனநிலை மோசமாகி அடுத்த ஏப்ரல்ல பேண்ட்லயே இல்ல. 1975 ஜூன் 5 அபே ரோட்டுக்கு தலையும் புருவமும் மழிச்சு வந்து நின்னப்ப கூட இருந்தவங்களுக்கே யாருன்னு தெரியல. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அந்த முகத்தை எப்படி சாதாரணமா பாக்கறது? கொஞ்சம் தயங்கி பேசறப்ப எல்லாம் எனக்கு வயித்தை பிசையுது.

வயலின்டீச்சர்

தம்பி, அந்த வலி எனக்கு புரியுது, எனக்கும் அந்த பாட்டுக்களோட வளந்த மகன் இருக்கான். ஆனா அப்படி பாக்கறதுல நாம சிட்டுக்கு ஒரு அநியாயம் பண்றோம். பின்னாடி நடந்ததை எல்லாம் கொண்டு வந்து அந்த ஞாயித்துக்கிழமை மேல ஏத்தறோம். சத்தத்தை அணைச்சிட்டு முகத்தை பாத்தா நமக்கு தெரிஞ்ச கதைதான் தெரியும். முகத்தை மறைச்சிட்டு பேச்சை மட்டும் கேளுங்க. தெளிவா இருக்கார், மரியாதையா இருக்கார், கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்றார், ராஜரை விட சூடு கம்மி. அவர் தயங்கற இடத்துல எல்லாம் அடுத்து வர்றது யோசிச்ச ஒரு வாக்கியம். 21 வயசுல டிவி லைட்டுக்கு கீழ இவ்வளவு நிதானமா பேசற பசங்க இப்பவும் எத்தனை பேர்?

யாழ்_கிட்டார்

ரீச்சர் சொன்னதோட ஒத்துப்போறன். சிட்டின்ர குரல் நாங்கள் பாட்டில கேட்டிருக்கிறம், அவர் சாதாரணமா இருந்து தன்ர வேலையைப் பற்றிக் கதைக்கிறது பதிவில கிடைக்கிறது நல்ல குறைவு. அதில இது ஒண்டு. அதைப் போய் நோயின்ர அறிகுறி தேடிப் பாக்கிறதுக்கு பாவிக்கிறது சரியில்லை.

ஷைன்_ஆன்

அப்ப அமெரிக்கா டூர்? நவம்பர்ல பாடகர் பேட் பூன் நடத்தின டிவி நிகழ்ச்சியில கேட்ட கேள்விக்கு பதிலே சொல்லாம வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தார்னு எல்லா புத்தகத்துலயும் இருக்கே. ஆறு மாசத்துல அங்க போயிருச்சுன்னா மே மாசத்துலயே ஏதோ ஆரம்பிச்சிருக்கும்ல?

பழையகேசட்

பேட் பூன் விஷயம் கூட இருந்தவங்க சொன்னதை வெச்சு எழுதினது, நாம உக்காந்து பாக்கறதுக்கு படம் கிடையாது. பொய்னு சொல்லல, ஆனா கதை சொல்லச் சொல்ல எப்படி வளரும்னு நமக்கு தெரியும். படம் இருக்கறதை எடுத்துக்குவோம். அதே டூர்ல நவம்பர் 7, 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' டிவி நிகழ்ச்சி, நடத்தறவர் டிக் கிளார்க். 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்' பாட்டுக்கு வாயசைக்கணும், சிட் அதுல மனசே இல்லாம நிக்கறார், உதடு சில இடத்துல அசையுது சில இடத்துல அசையல, அது நல்லாவே தெரியுது. பாட்டு முடிஞ்சதும் கிளார்க் மைக்கை நீட்டி சம்பிரதாயமா ரெண்டு கேள்வி கேக்கறார். சிட் பதில் சொல்றார். சுருக்கமா, ஆனா சொல்றார்.

ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா எனக்கு தோணறது, மே மாசத்துக்கும் நவம்பருக்கும் நடுவுல சிட் மாறியிருக்கார், அதுல சந்தேகம் இல்ல, கண்ணுக்கு தெரியுது. அதனாலயே மே மாச கிளிப்பை மே மாசமாவே பாக்கணும்னு சொல்றேன். பிடிக்கலன்னு முகத்துக்கு நேரா சொன்ன ஒருத்தர் கிட்ட தன் இசையை பத்தி பொறுமையா பேசறார், அந்த ஆளும் காது குடுத்து கேக்கறார்.

பேண்ட்ஸ்டாண்ட் கிளிப்புக்கு தனி இழை ஆரம்பிச்சிருக்கேன், இதுலயே பேசினா குழம்பிடும். ஷைன்_ஆன் தம்பி, முதல் பதில் நீங்க போடுங்க. கிட்டார்மெக்கானிக், அதுல சிட் மாட்டியிருக்கறது எந்த கிட்டார்னு பாத்து சொல்லுங்க.